மணி அடித்தால் யார் வருவார்கள்?

கேள்வி: எனக்கு 39 வயது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது ஒரு குழுவுக்குத் தலைவி. அப்பாவுக்கு 74 வயது. அம்மா இறந்த பிறகு மயிலாடுதுறை வீட்டில் தனியாக இருக்கிறார். சென்னைக்கு வர மறுக்கிறார். சென்ற ஐப்பசியில் ஓர் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்தவர், விடிந்து பால்காரர் குரல் கொடுத்துப் பார்க்கும் வரை எழ முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறார். எலும்பு முறியாதது எங்கள் அதிர்ஷ்டம். அதன்பின் நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து, விழுந்தால் தானே உணர்ந்து என் போனுக்குத் தகவல் அனுப்பும் கைப்பட்டை ஒன்றைச் செய்தோம். சோதனைகளில் நன்றாக வேலை செய்கிறது. அப்பாவுக்கும் ஒன்று கொடுத்தேன். நான்கே நாளில் கழற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார், அவர் பிடிவாதக்காரர். வரும் ஜூனில் வேலையை விட்டு முழுநேரமாக இதில் இறங்க நினைக்கிறேன். கணவர் வேலையில் இருக்கிறார். வீட்டுக்கடன் இருக்கிறது, மகன் எட்டாம் வகுப்பு. ஒன்றரை ஆண்டு தாங்கும் சேமிப்பு கையில் உண்டு. இறங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஜூனில் வேலையை விட வேண்டாம். இந்த முயற்சியைக் கைவிடவும் வேண்டாம். முதியவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் எப்படி எழுகிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து, வீட்டிலும் பழக்கத்திலும் செய்ய வேண்டிய மாற்றங்களைச் சொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான். இத்தகைய கருவிகளைச் செய்ய வருகிற இளைஞர்களுக்கும் ஆலோசனை சொல்லி வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் மிகவும் பெறுமதியான தகவல், நீங்கள் ஒரே சொல்லில் கடந்துபோன ஒன்றுதான். அப்பா பட்டையை நான்கு நாளில் கழற்றிவிட்டார். அதைப் பிடிவாதம் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர் உங்கள் கருவியைப் பற்றித் தந்த முதல் தீர்ப்பு அது. ஏன் கழற்றினார் என்று அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

நான் பார்த்த வீடுகளில் காரணங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். குளிக்கும்போது கழற்றுகிறார்கள், திரும்பக் கட்ட மறக்கிறார்கள். வயதான தோல் காகிதம் போல மெலிந்திருப்பதால் ரப்பர் பட்டை அரிக்கிறது. சார்ஜரின் சிறு முனையை நடுங்கும் விரல்களால் பொருத்த முடியவில்லை. பொருத்த முடிந்தவர்கள் இரவில்தான் சார்ஜ் போடுகிறார்கள். உங்கள் அப்பா விழுந்ததும் இரவில்தான். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் "கையில் என்ன?" என்று கேட்பார்கள். கோவிலிலும் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் "நான் விழுந்துவிடுவேன் என்று என் மகள் கட்டிவிட்டிருக்கிறாள்" என்று சொல்ல எந்த மனிதருக்கு மனம் வரும்?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பகுதியில் 90 வயதைக் கடந்த 110 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. அவர்களில் 60 சதவீதம் பேர் அந்த ஆண்டில் ஒரு முறையாவது விழுந்தார்கள். விழுந்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஒரு முறையாவது தானாக எழ முடியவில்லை. 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். உதவிக்கு அழைக்கும் கருவிகள் அவர்களிடம் பரவலாக இருந்தன; நீண்ட நேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அவற்றைப் பயன்படுத்தவில்லை. வசதியான நாட்டில், பழகிய கருவிக்கே இந்த நிலை. தானாக உணரும் கருவி பொத்தானை அழுத்தும் சிரமத்தை நீக்கும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் 2018 முதல் ஆப்பிள் கைக்கடிகாரத்திலேயே விழுவதை உணரும் வசதி இருக்கிறது. அந்த அளவு ஆய்வகமும் பணமும் உள்ள நிறுவனத்தோடு உணரும் திறனில் போட்டியிட நீங்கள் ஏன் வேலையை விட வேண்டும்? அவர்களால் செய்ய முடியாத ஒன்று உங்களால் முடியும். மயிலாடுதுறையில் ஒரு வீட்டுக்குள் நடக்கிற வாழ்க்கை உங்களுக்குத் தெரியும்.

ஜப்பானில் சோஜிருஷி என்ற நிறுவனம் 2001இல் ஒரு வெந்நீர்க் கெட்டிலை இணையத்தோடு இணைத்தது. தனியாக வாழும் முதியவர் தேநீருக்கு வெந்நீர் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது பதிவாகும். பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் போகும். அணிய எதுவும் இல்லை, பழக எதுவும் இல்லை, வெட்கப்பட எதுவும் இல்லை. உங்கள் அப்பாவின் நாளையும் அப்படிப் பாருங்கள். அவர் எழுந்தவுடன் போடுவது எந்த விளக்கை? காபிக்குப் பால் காய்ச்சுவது எத்தனை மணிக்கு? தண்ணீர் மோட்டார் எப்போது ஓடும்? குளியலறைக் கதவில் ஒரு சிறு காந்தச் சென்சார் வைத்தால், கதவு மூடி அவர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கடந்தும் திறக்காதபோது அது சொல்லிவிடும். அதற்குக் கேமரா வேண்டாம். குளியலறையிலும் படுக்கையறையிலும் கேமரா வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த யோசனையை அங்கேயே நிறுத்துங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பட்டையோ கதவுச் சென்சாரோ, அது சரியாக உணர்ந்து உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நள்ளிரவு இரண்டு மணி. போன் ஓசையின்றிக் கிடக்கிறது. ஒருவேளை விழித்துவிட்டாலும் நீங்கள் சென்னையில், அவர் மயிலாடுதுறையில். யார் போவார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் என்றால், அவரிடம் சாவி இருக்கிறதா? முன்பக்கக் கம்பிக் கதவுக்கு உள்ளே பூட்டு, அதற்குப் பின் தேக்குக் கதவுக்குத் தாழ்ப்பாள், குளியலறைக்கு இன்னொரு தாழ்ப்பாள். நம் ஊர்க் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் உள்பக்கம் திறப்பவை; விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வருபவர் எழுபது வயதுக்காரராக இருந்தால், எழுபத்து நான்கு வயதுக்காரரைத் தூக்க முயன்று இருவருமாக விழுவதையும் பார்த்திருக்கிறேன்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல மணி நேரம் கடினமான தரையில் ஒரே பக்கமாகக் கிடந்தால் அழுந்திய தசைகள் சிதைந்து, அதிலிருந்து வெளிப்படும் பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. ஈரத் தரையில் உடல் குளிர்கிறது. நீரிழப்பு, படுக்கைப்புண், நுரையீரல் தொற்று என்று தொடர்கிறது. எலும்பு முறியாதவர்கூட இதனால் படுத்த படுக்கையாகிறார். உங்கள் அப்பா பிழைத்துக்கொண்டது பெரிய விஷயம். ஆகவே நீங்கள் அளக்க வேண்டியது ஒன்றே ஒன்று: விழுந்த நொடியிலிருந்து ஒரு மனிதரின் கை அவரைத் தொடும் வரை எத்தனை நிமிடம்? உங்கள் சோதனைகள் செய்தி போய்ச் சேர்வதோடு நின்றுவிட்டன.

108 இருக்கிறதே என்று தோன்றலாம். இருக்கிறது, அருமையான சேவை. ஆனால் "பெரிய கோவில் தெற்கு வீதியில் பச்சைக் கதவு வீடு" என்பதை அவர்களுக்குச் சொல்லவும், கதவைத் திறந்து நிற்கவும் ஒருவர் வேண்டும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 வழிகாட்டுதலுக்கும் ஆறுதலுக்கும் குறைகேட்பதற்கும் உரியது; அது காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குவது, அவசர மீட்பு அதன் வேலை இல்லை. ஆக, நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. நீங்கள் தொழிலாகச் செய்ய வேண்டியது அந்த இடைவெளியில்தான் என்பது என் உறுதியான கருத்து. ஊருக்குள் பத்து நிமிடத்தில் போகக்கூடிய, பயிற்சி பெற்ற, சாவி வைத்திருக்க நம்பத்தக்க இரண்டு பேர். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரராக இருக்கலாம், ஓய்வுபெற்ற செவிலியாக இருக்கலாம், மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் ஒருவராக இருக்கலாம். விழுந்தவரை உடனே இழுத்துத் தூக்கக் கூடாது, இடுப்பில் வலி என்றால் அசைக்கவே கூடாது, தலையில் அடிபட்டு அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் காயமே தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதன் கணக்கையும் போட்டுப் பாருங்கள். மென்பொருள்காரர்கள் இந்தக் கணக்கைத்தான் கடைசியில் போடுகிறார்கள். 500 வீடுகளில் கருவி இருக்கிறது, ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒரே ஒரு முறை தவறாக மணி அடிக்கிறது என்று கொள்ளுங்கள். ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறை உண்மையாகவே விழுகிறார் என்றால், வாரத்துக்கு 500 பொய் அழைப்புகளுக்கு நடுவே உண்மையானவை பத்து. ஐம்பதில் ஒன்றுதான் மெய். மூன்றாவது மாதத்தில் ஆட்டோக்காரர் போனை எடுக்க மாட்டார். அழைப்புகளைப் பார்த்து வடிகட்ட இரவும் பகலும் ஒரு நாற்காலியில் ஒருவர் வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், விடுப்பும் நோயும் சேர்த்து ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர். தலைக்கு 20,000 ரூபாய் என்றாலும் மாதம் ஒரு லட்சம். 200 வீடுகள் சேர்ந்தால், வேறு எந்தச் செலவையும் எண்ணாமலே வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் இதற்கு மட்டும் போகும். கருவியின் விலை ஒருமுறைச் செலவு. இது மாதாமாதம் வரும் செலவு. உங்கள் ஒன்றரை ஆண்டுச் சேமிப்பு வீட்டுச் செலவுக்கா, இந்த நாற்காலிக்குமா என்று கணவரோடு உட்கார்ந்து பிரித்து எழுதுங்கள்.

விழுந்த பிறகு என்ன என்பதையே இதுவரை பேசினேன். விழாமல் தடுப்பது இதைவிடப் பெரிய வேலை, இதைவிட மலிவான வேலையும்கூட. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்ததால் இறக்கிறார்கள்; அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். உங்கள் அப்பா இரவில் குளியலறைக்கு ஏன் போனார்? இந்த வயது ஆண்கள் இரவில் எழுவது பெரும்பாலும் சிறுநீர் கழிக்க. அவர் சாப்பிடும் மாத்திரைகளில் நீர்போக்கும் மாத்திரையோ, புரோஸ்டேட்டுக்கான மாத்திரையோ, தூக்க மாத்திரையோ இருக்கிறதா? படுத்திருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், விழுவதற்கான காரணம் வழுக்கும் டைல்ஸ் மட்டுமல்ல. முதியோர் மருத்துவர் ஒருவர் அந்த மாத்திரைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996இலேயே முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு தொடங்கிவிட்டது, கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. அடுத்த முறை அவர் சென்னை வரும்போது, பேரனைப் பார்க்கும் சாக்கில், அங்கே ஒரு நாள்.

வீட்டில் செய்ய வேண்டியவை இந்த மாதமே செய்யக்கூடியவை. கழிப்பிடத்தின் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் சுவரில் துளையிட்டுப் பொருத்திய எஃகுக் கைப்பிடி. துண்டு போடும் பிளாஸ்டிக் கம்பியைப் பிடித்துத்தான் பலர் விழுகிறார்கள், அதை எடுத்துவிடுங்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரை ஆள் அசைந்தால் எரியும் சிறு விளக்குகள். குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்க மாற்றுங்கள், வெளியிலிருந்தும் திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். கொல்லைப்புறம் துவைக்கும் கல்லைச் சுற்றி மழைக்காலத்தில் படியும் பாசியை வாரம் ஒருமுறை சுரண்ட ஆள் வையுங்கள். வேட்டியை இரவில் மட்டும் கணுக்காலுக்கு மேல் கட்டச் சொல்லுங்கள். இவற்றில் மென்பொருள் எதுவும் இல்லை. ஆனால் வீட்டைப் பார்த்து, இவற்றைச் செய்துகொடுத்து, கதவுச் சென்சார் பொருத்தி, ஓடி வர இரண்டு பேரை ஏற்பாடு செய்து மாதக் கட்டணம் வாங்கும் சேவை ஒன்று டெல்டாவின் ஊர்களில் இருந்தால், நானே என் நோயாளிகளை அனுப்புவேன்.

யார் பணம் தருவார்கள் என்ற கேள்விக்கு ஒரு எச்சரிக்கை. இந்தத் துறையில் பணம் தருபவர் பிள்ளை, பயன்படுத்துபவர் பெற்றோர். பிள்ளையின் பயத்துக்காக வடிவமைத்த கருவிகள் நன்றாக விற்கும், மேசை இழுப்பறையில் கிடக்கும். பெற்றோர் விரும்பினால் மட்டுமே அது ஓராண்டுக்குப் பிறகும் இயங்கும். நீங்கள் இப்போது பணம் தருபவரின் இடத்தில் நின்று யோசிக்கிறீர்கள், அது இயல்பு. தேவை என்னவோ பெருகத்தான் போகிறது. 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாடு முதியோர் விகிதம் மிகுந்த மாநிலங்களில் ஒன்று.

தொழில்நுட்பப் பக்கத்தில் சிலவற்றை விரைவாகச் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வைஃபையை மட்டும் நம்பிய கருவி ஐப்பசி, கார்த்திகையில், அதாவது தரை அதிகம் வழுக்கும் மாதங்களில், ஊமையாகிவிடும். சிம்மும் தாங்கும் பேட்டரியும் வேண்டும். வானலையில் இயங்கும் எந்தக் கருவியையும் விற்பதற்கு முன் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவில் ஒப்புதல் பெற வேண்டும். "நோயைக் கண்டறியும்" என்று விளம்பரத்தில் ஒரு வரி எழுதினால், 2017 மருத்துவக் கருவி விதிகளுக்குள் போய்விடுவீர்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு மென்பொருளும் அதில் அடக்கம். அவர் எப்போது எழுகிறார், எத்தனை முறை கழிப்பறை போகிறார் என்பதெல்லாம் அவருடைய தனிப்பட்ட தகவல். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக மட்டுமல்ல, மரியாதைக்காகவும் அவரிடமே அனுமதி கேளுங்கள். மகளின் ஒப்புதல் போதாது.

இப்போது காலம் பற்றி. வேலையில் இருந்துகொண்டே, மயிலாடுதுறையில் உறவினர் அல்லாத பத்து முதியவர்களின் வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். உறவினர் உங்கள் மனம் நோகாமல் பொய் சொல்வார்கள். வார இறுதிகளில் போய் வீட்டைப் பாருங்கள், மேலே சொன்ன சிறு மாற்றங்களைச் செய்யுங்கள், கதவுச் சென்சாரை வையுங்கள், ஓடி வரும் இருவரை ஏற்பாடு செய்யுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் நடத்துங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் இரவில் ஒத்திகை பார்த்து, கை தொடும் வரை எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். முதல் மாதத்திலிருந்தே சிறிய கட்டணமாவது வாங்குங்கள். மழை ஓய்ந்த பிறகும் பத்தில் ஏழு வீடுகளில் கருவி இயங்கிக்கொண்டிருந்தால், கட்டணமும் வந்துகொண்டிருந்தால், தயங்காமல் வேலையை விடுங்கள். நான் முழு மனதோடு சொல்வேன். அந்தப் பத்து வீட்டுக் குறிப்புகள் இருந்தால் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்: மாதிரிக் கருவிக்கு 10 லட்சம் வரை தரும் 'நிதி பிரயாஸ்' என்ற அரசுத் திட்டம், உயிரித் தொழில்நுட்பத் துறையின் பைராக் அமைப்பு 50 லட்சம் வரை தரும் 'பிக்' திட்டம், முதியோர் சேவை நிறுவனங்களுக்கென்றே ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் 2021இல் தொடங்கிய 'சேஜ்' திட்டம். சேஜில் வருவது மட்டும் உதவித்தொகை அல்ல, பங்கு முதலீடு. அரசின் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டாது. ஐஐடி மெட்ராஸில் டிடிகே பெயரிலுள்ள மறுவாழ்வுக் கருவி வடிவமைப்பு மையத்தையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியை உருவாக்கியவர்கள் அவர்கள்.

ஆனால் முதல் வீட்டுக்குப் போவதற்கு முன்பே உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அலுவலக மடிக்கணினியில் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். தேவைப்பட்டால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். தோழியோடு பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் என்ன ஆகும் என்பதை நட்பு நன்றாக இருக்கும் இப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் அப்பாவின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், நீங்கள் வெளியேறும்போது அவருடைய காப்பீடும் போய்விடும். 74 வயதில் புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்துக்கு மாற முடியுமா, காத்திருந்த ஆண்டுகள் கணக்கில் சேருமா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு ராஜினாமா கடிதம் எழுதுங்கள்.